சிட்டையில எழுதிக்கிடுங்க அண்ணாச்சி

பொங்கல் முடிந்து அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். ஒருநாள் காலையில் அரிசி வந்தது. ஐந்து கிலோ இட்லி அரிசி, போனில் ஆர்டர் போட்டது, பணமும் முன்னாடியே கட்டியாகிவிட்டது. கதவைத் திறந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன், "சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்கிறான். போன் உள் அறையில் சார்ஜில் கிடக்கிறது. எடுத்து வந்து, கண்ணாடி இல்லாமல் அந்த நாலு எண்ணைத் தேடி, தப்பாகச் சொல்லி, மறுபடி சரியாகச் சொல்லி, ஒருவழியாக அரிசி கைக்கு வந்து சேர்ந்தது.

சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள், "ஏம்ப்பா, அரிசிக்கு எதுக்கு ரகசிய நம்பரு?"

"வேற யாராவது வாங்கிட்டுப் போயிட்டா?"

"நம்ம வாசல்ல நின்னு, நம்ம வீட்டுக் கதவத் தொறந்து, நம்ம அரிசிய வேற யாருய்யா வாங்குவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா சொல்வது சரி மாதிரியும் இருந்தது, உலகம் தெரியாமல் பேசுகிற மாதிரியும் இருந்தது. அன்றைக்கு முழுக்க அண்ணாச்சி கடை ஞாபகமாகவே போனது.

எனக்கு ஊர் கோவில்பட்டி. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ரயிலில் போனால் கரிசல் காட்டுக்குள் வரும். வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாய் என்றால் தெரியும், 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இன்னும் கொஞ்சம் தெரியும். விளையாட்டுப் பைத்தியங்களுக்கு ஹாக்கி. எங்களுக்கு ஊர் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். (ஆபீஸ் என்றுதான் சொல்வோம், தொழிற்சாலை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "எங்க அக்கா ஆபீஸுக்குப் போயிருக்கு" என்று கல்லூரியில் சொன்னபோது சென்னைப் பையன்கள் மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.)

எங்கள் தெரு முனையில் இருந்தது அந்தப் பலசரக்குக் கடை. ஆள் நுழைய இடம் கிடையாது, பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி, இந்தப் பக்கம் தெரு. மேலே உத்தரத்தில் சணல் உருண்டை தொங்கும், அதிலிருந்து ஒரு நுனி சரியாக அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, சணலை ரெண்டு சுற்று சுற்றி, பட்டென்று அறுத்துப் பொட்டலத்தைப் பலகையில் வைப்பார். அரிசியைப் படியால் அளந்தால் முதல் படிக்கு "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. சின்ன வயதில் எனக்கு ரொம்ப நாள் வரைக்கும் எண்ணிக்கையே அப்படித்தான் என்று நினைப்பு.

கடைச் சுவரில் ஒரு தகரப் பலகை உண்டு. 'இன்று ரொக்கம் நாளை கடன்'. அதற்கு நேர் கீழே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், கடன் சிட்டைகள் ஒரு முழ உயரத்துக்கு அடுக்கியிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒன்று. நீள வாக்கில் தைத்த ஒல்லி நோட்டு, எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு அட்டை கறுத்துப்போயிருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே வீட்டுக்காரர் பெயர் இருக்காது, அண்ணாச்சி எங்களை எப்படி வைத்திருந்தாரோ அப்படித்தான் இருக்கும். எங்கள் சிட்டையில் 'மில் வீடு' என்று இருந்தது. அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். பக்கத்து வீடு 'வாத்தியார்', அதற்கடுத்தது 'கிணத்து வீடு'. கிணறு தூர்ந்து பல வருடம் ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.

நான் போய் நின்றால் ஒரே வசனம்தான். "அம்மா கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க, சிட்டையில எழுதிக்கிடுங்க அண்ணாச்சி." அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து 'து.ப.' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கால் போட்டு, தொகையை எழுதுவார். மாசம் 7-ஆம் தேதி அப்பாவுக்குச் சம்பளம். அன்று சாயங்காலமே அம்மா போய் முழுசாகவோ பாதியாகவோ கொடுத்துவிட்டு வருவாள். மில்லில் ஸ்டிரைக் நடந்த ஒரு வருஷம் மூணு மாசம் ஒன்றுமே கொடுக்கவில்லை. மூணு மாசமும் பருப்பு வந்தது. நல்லெண்ணெய் மட்டும் அம்மாவே வாங்குவதை நிறுத்திவிட்டாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எண்ணெய் இல்லாதது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது, 1984. அம்மா சொன்னாள் என்று சொன்னால் அவர் எழுதிக்கொள்கிறார், அம்மா சொன்னாளா என்று அவர் கேட்பதில்லை. இது புரிந்த அன்றைக்கு எனக்கு ஏதோ கல்லாப்பெட்டிச் சாவியே கிடைத்த மாதிரி இருந்தது. முதலில் ரெண்டு கடலை மிட்டாய். "அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க." அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், கண்ணாடிப் பாட்டிலைத் திறந்து எடுத்துக் கொடுத்தார், பென்சிலை எடுத்து எழுதினார். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ரெண்டு தடவை. ஒருதடவை பம்பரம். அம்மா பம்பரம் வாங்கிவரச் சொன்னாள் என்று எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் புரியவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

7-ஆம் தேதி வந்தால் வயிற்றைக் கலக்கும். அம்மா சிட்டையை வரிவரியாகப் படிக்கிறவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் ஒரு வரி விட மாட்டாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவாள். மாசாமாசம் இப்படித் தப்பித்துக்கொண்டே இருந்தேன். பென்சில் எழுத்து என்பதால் அழிந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

1996-ல் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். கடைப் பக்கம் போனபோது அண்ணாச்சி, "வாரும் தம்பி, வேலைக்குப் போயாச்சாமே" என்று உட்காரச் சொன்னார். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, 'வாரும்' என்றதும் அதுதான் முதல் தடவை. கலர் வாங்கிக் கொடுத்தார். சென்னையில் எங்கே தங்கியிருக்கிறேன், ஓட்டல் சாப்பாடா, வாடகை எவ்வளவு எல்லாம் கேட்டார். அப்புறம் குனிந்து பலகைக்கு அடியில் எதையோ தேடி, ஒரு சிட்டையை எடுத்தார். அதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'மில் வீட்டுத் தம்பி'.

"ஒம்ம கணக்கு ஒண்ணு நிக்கி. அம்மாகிட்ட கேக்கக் கூடாதுன்னு தனியா வச்சிருந்தேன்."

கடலை மிட்டாய், கடலை மிட்டாய், பொரிகடலை, கடலை மிட்டாய், பம்பரம் 1. கூட்டுத்தொகை 11 ரூபாய் 40 பைசா. வட்டி போடவில்லை, தள்ளுபடியும் செய்யவில்லை. நான் இருபது ரூபாய்த் தாளைக் கொடுத்து, "மீதி இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். முகம் சட்டென்று மாறிவிட்டது. எட்டு ரூபாய் அறுபது பைசாவையும் எண்ணிக் கையில் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் "அந்தக் காலத்து மனுசங்க, வெள்ளந்தி" என்பார்கள். எனக்கு அங்கேதான் உதைக்கும். வெள்ளந்தியான மனுசன் பத்து வயதுப் பையன் சொன்ன பொய்யைப் பன்னிரண்டு வருஷம் கணக்கு நோட்டில் வைத்திருப்பானா? அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் எந்த வீட்டுப் பையன், என் அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம், நான் எங்கே ஓடினாலும் திரும்பி எந்தத் தெருவுக்கு வருவேன், எல்லாம். நாங்கள் நம்பிக்கை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்தத் தெரிந்திருத்தல்தான்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் அடையாளம் போடாத பொருளே வீட்டில் கிடையாது. எவர்சில்வர் தம்ளர் முதல் அண்டா வரைக்கும் பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவோம். கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் தெருவே பாத்திரம் இரவல் கொடுக்கும், ரசீதா எழுதுவார்கள்? ஆனால் விசேஷம் முடிந்த மறுநாள் புழக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் திருப்பித் திருப்பிப் பெயர் பார்த்துப் பிரிப்பார்கள் பெண்கள். ஒரு கரண்டி குறைந்தால் எந்த வீட்டில் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு யூகம் இருக்கும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தண்ணீர்க் கதை இன்னும் நன்றாக இருக்கும். கோவில்பட்டிக்காரனிடம் தண்ணீர் பற்றிக் கேட்டுவிடாதீர்கள், விடிந்துவிடும். சீவலப்பேரியிலிருந்து குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரவேண்டும். கோடையில் வாரம், பத்து நாளைக்கு ஒருதடவை வரும், அதுவும் எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது. தெருக்குழாயில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் வீட்டுக்கு வேண்டும் என்றால் அந்த இடத்தில் ஒரு கல். உடைந்த செங்கல், அம்மிக் குழவித் துண்டு, ஒரு வீட்டுக்கு ஒரு பழைய செருப்பு. அந்தச் செருப்பு ரெண்டு நாள் வெயிலில் கிடக்கும், யாரும் நகர்த்த மாட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாயில் 'உஸ்' என்று காற்று வரும் சத்தம் கேட்டதும் யாராவது ஒருத்தர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள், "மதினி, தண்ணி வருது, எந்திரிங்க!" தன் குடத்தை முதலில் நிரப்பிக்கொள்ளலாமே என்று தோன்றாதா? தோன்றும். செய்தால் என்ன ஆகும் என்றும் தோன்றும். அந்தக் குழாயடியில் நடந்த சண்டைகளை நான் இங்கே எழுத முடியாது, பிள்ளைகள் படிக்கிற இடம்.

பி.பி. நம்பர் என்று ஒன்று இருந்தது, இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். போன் இருந்தது பருத்திக் கமிஷன் கடைக்காரர் வீட்டில் மட்டும். தெருவில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையில் அந்த நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்தார்கள், அவரிடம் கேட்டார்களா என்பதே சந்தேகம். டிரங்க் கால் வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து சொல்வான், நாம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவோம். பேசுகிற மூணு நிமிஷமும் அந்த வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாம் வீடு திரும்புவதற்குள் செய்தி நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். டி.வி.யும் அதே வீடுதான், மொட்டை மாடியில் உயரக் கம்பம் நட்டு இலங்கை ரூபவாகினியைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். படம் பாதி, புள்ளி பாதி. நாங்கள் புள்ளியையும் பார்ப்போம்.

அக்காவை எட்டயபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி, பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடச் சொல்லி என்னை அனுப்புவாள். டிரைவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. 'மூணு மணி வண்டி அண்ணன்' அவ்வளவுதான். அங்கே மாமா பஸ் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வார். மறுநாள் கழுவின சட்டி அதே வண்டியில் திரும்பி வரும், சில நாள் உள்ளே நாலு முருங்கைக்காய். குழம்பு ஒரு தடவையும் தொலையவில்லை. ஒரு தடவை பாதி குறைந்திருந்ததாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள், மூடி சரியாக இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

சரி, இனிமேல் கொஞ்சம் கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பதிவுகளில் அதை விட்டுவிடுவது வழக்கம், எனக்கு அது பிடிப்பதில்லை.

1988-ல் எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிப் பண்டு பிடித்தார். வாரம் 5 ரூபாய். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் எண்ணெய், சீனி, மைதா, ஒரு பித்தளைப் பாத்திரம், மீதிக்குப் பணம். பச்சை அட்டையில் கட்டம் போட்டு வாரா வாரம் கையெழுத்துப் போடுவார். தெருவில் எல்லாப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். பெண்களின் பணம் என்றால் பெட்டி ஒட்டிய பணம். ஆபீஸிலிருந்து தீப்பெட்டி ஒட்ட மரத் தகடும் நீலத் தாளும் வீட்டுக்கே வரும். மைதா காய்ச்சி, எலி தின்னாமல் இருக்க மயில்துத்தம் போட்ட பசை. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து ராத்திரி பத்து, பதினொன்று வரைக்கும் அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று ஒட்டுவார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸுக்கு இத்தனை பைசா. பிள்ளைகளும் ஒட்டுவோம். எங்களோடு படித்த பல பேர் படிப்பை விட்டுவிட்டு விடியற்காலை ஆபீஸ் வண்டி ஏறிப் போனார்கள், அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அம்மாவின் விரல் நுனி எப்போதும் வெளிறிச் சுருங்கியே இருக்கும். அந்த விரலால் எண்ணிக் கொடுத்த 5 ரூபாய்.

48 வாரம் ஆனபோது ஆள் ஓடிவிட்டார். மனைவியையும் ரெண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக. அம்மாவுக்கு 240 ரூபாய் போச்சு. அது எங்களுக்கு நாலு மாச வீட்டு வாடகை.

மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் தெருவே நின்றது. எனக்குப் பதினாலு வயது, நானும் நின்றேன். தினமும் அந்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்தவர்கள், அந்த வீட்டு அக்காவுக்குப் பேறுகாலம் பார்த்தவர்கள் எல்லாம் என்னென்ன வார்த்தை பேசினார்கள்! ஒருத்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், ஒருத்தர் தையல் மிஷினை. அம்மா ஒன்றும் எடுக்கவில்லை, ஆனால் எடுக்காமல் வந்ததைப் பற்றி ரெண்டு நாள் வருத்தப்பட்டாள். அந்த அக்கா ஊரை விட்டுப் போகவில்லை. போயிருக்கலாம், அவளுக்குப் பிறந்த வீடு இருந்தது. உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ. பத்தும் இருபதுமாக ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, அந்தப் பச்சை அட்டையிலேயே அம்மா வரவு எழுதிக்கொண்டாள். பணம் முழுசும் வந்து சேர்ந்த பிறகும் அம்மா அவளோடு பேசவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவ மொகத்தப் பாத்தா எனக்கு அன்னைக்கு நான் வாசல்ல நின்னது ஞாபகம் வருதுய்யா" என்றாள். இது நடந்து பல வருஷம் கழித்துத்தான் இதைச் சொன்னாள்.

அப்புறம் இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் ஒரு கல்யாணத்தில் கூடினோம். நான் வழக்கம்போல அண்ணாச்சி கதையைச் சொன்னேன், பம்பரம், 11 ரூபாய் 40 பைசா, எல்லாம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வந்து படித்தவன். எல்லோரும் கலைந்த பிறகு சாவகாசமாகச் சொன்னான், "ஒங்களுக்குச் சிட்டைடா. எங்களுக்குச் சொம்பு."

அதே கடை, அதே அண்ணாச்சிதான். அவன் அம்மா அரிசி கடனாகக் கேட்டால் பித்தளைச் சொம்பையோ குத்துவிளக்கையோ கொண்டுபோய் வைக்க வேண்டும். பணம் கொடுத்துவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம். பொட்டலத்தைக் கையில் கொடுக்க மாட்டார், பலகையில் வைப்பார், எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் பலகையில்தானே வைப்பார் என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் தெரு முனையில் இருந்தது தெரியவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. எங்கள் தெருக்குழாயில் ரெண்டு நாள் கிடந்த அந்தச் செருப்பை யாரும் நகர்த்தவில்லை என்று பெருமை பேசுகிறேனே, அந்த வரிசையில் காலனிக் குடம் ஒன்றாவது என்றைக்காவது இருந்ததா? வைத்திருந்தால் அது அங்கே இருந்திருக்குமா?

அண்ணாச்சி நல்லவரா, கெட்டவரா என்று இப்போது என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் சிட்டையைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியவர். அவன் வீட்டுச் சொம்பையும் பத்திரமாகத்தான் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார், அதையும் அவனே சொன்னான்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது கடை இருந்தது. அண்ணாச்சி காலமாகிவிட்டார், மகன் பார்க்கிறார். பலகை போய்க் கண்ணாடி வந்துவிட்டது, சணல் உருண்டை இல்லை, பருப்பு பாக்கெட்டில் தொங்குகிறது. கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. பணம் அனுப்பினால் இத்தனை ரூபாய் வந்துவிட்டது என்று பெட்டி சத்தமாகச் சொல்கிறது. சொல்கிற வரைக்கும் சாமான் கையில் வராது. நெட்வொர்க் மெதுவாக இருந்தது, நானும் அவரும் எதிரெதிரே நின்று ரெண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பின்னால் நின்ற பெண் பணம் அனுப்பினாள், பெட்டி சொன்னது, பையை எடுத்துக்கொண்டு போனாள். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. பெட்டிக்குத் தெரு தெரியாது. அது நல்லதற்குத்தான் என்று என் நண்பன் சொல்வான், எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனாலும் வெளியே வந்த பிறகு, அவர் என்னை 'மில் வீடுதானே?' என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சென்னையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் 64 வீடு. எதிர்வீட்டுக்காரர் பெயரை நான் தெரிந்துகொண்டது அவருக்கு வந்த பார்சலை நான் வாங்கி வைத்த அன்றைக்குத்தான். குறை சொல்லவில்லை, எனக்கும் இது வசதியாகத்தான் இருக்கிறது. நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறேன், யார் என்னைப் பார்க்க வருகிறார்கள், எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டேனா என்று கணக்கு வைத்திருக்க இங்கே யாரும் இல்லை. ஊரில் ஒரு வாரம் இருந்தால் எனக்கே மூச்சு முட்டும்.

அம்மாதான் மாறவில்லை. அரிசி வந்த அதற்கடுத்த வாரம் நான் ஆபீஸில் (மேஜை, நாற்காலி ஆபீஸ்) இருந்தபோது மருந்து வந்திருக்கிறது, பணம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டியது. 260 ரூபாய். அம்மா மூணு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தாள். பையனிடம் சில்லறை இல்லை, "போன்ல அனுப்புங்க பாட்டி" என்றிருக்கிறான். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். "இருக்கட்டும் தம்பி, அடுத்த தடவ வரும்போது குடு. எந்த ஊரு ஒனக்கு?" ஆத்தூர், சேலம் ஆத்தூர் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

சாயங்காலம் நான் வந்ததும் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "அம்மா, அடுத்த தடவை வேற பையன் வருவான். யாரு வர்றதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். அந்தப் பையன் நினைச்சாலும் வர முடியாது."

"அவன் வாசலு தெரியுமில்ல? வருவான்."

"நாப்பது ரூபா போனா போகுது, விடுங்க."

"நீ எதுக்கு விடணுங்கிற?"

அம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. சமையலறையில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில், அன்றைய தேதிக் கட்டத்துக்குள், என் பேனாவை எடுத்து எழுத்துக்கூட்டி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்: 'ஆத்தூர் தம்பி வரணும் 40'. மாதம் முடிந்ததும் மனைவி தாளைத் திருப்பப் போனாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, அதே எழுத்தை அடுத்த மாதத்தின் முதல் கட்டத்தில் எழுதினாள். நேற்று ராத்திரி போன் பண்ணினபோது அம்மா கேட்டாள், "அந்தப் பையன் வந்தானா?"

இன்னும் இல்லை என்றேன்.